டர்போவை மாற்றச் சொன்னால் உடனே மாற்ற வேண்டுமா?

கேள்வி: 2017ஆம் ஆண்டு தயாரிப்பான டீசல் கார் ஒன்றைச் சென்ற ஆண்டு பழையதாக வாங்கினேன். 96,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தை அறுவடைக்குப் பிறகு தஞ்சாவூருக்குப் போகும்போதெல்லாம் வண்டியில் இழுவை இல்லை. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் கரும்புகை வருகிறது, உஸ்ஸென்று காற்றுச் சத்தமும் கேட்கிறது. நின்ற இடத்தில் ஓடவிட்டால் எந்தக் குறையும் தெரிவதில்லை. ஒர்க்ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, டர்போ போய்விட்டது, 65,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா? மாற்றியும் சரியாகாவிட்டால் எங்கே முறையிடுவது?
– வாசகர், மன்னார்குடி

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் டர்போவைவிட, அதிலிருந்து இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் ஓஸ் பைப்பையே அதிகம் சுட்டுகின்றன.

புகைபோக்கிக்குப் போகும் கழிவு வாயுவின் வேகத்தில் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழன்று காற்றை அழுத்துகிறது. அந்தக் காற்று இன்டர்கூலரில் சூடு தணிந்து இன்ஜினுக்குள் போகிறது. உள்ளே எவ்வளவு காற்று வருகிறது என்பதை ஏர் ஃபில்டரை அடுத்துள்ள சென்சார் அளந்து சொல்ல, கணினி அதற்கேற்ப டீசலை விடுகிறது. அளந்த பிறகு வழியில் ஓஸ் கிழிந்து காற்று வெளியேறினால், டீசல் மிஞ்சிப்போய்க் கரும்புகையாக வருகிறது. நின்ற இடத்தில் ஓடும்போது அழுத்தம் ஏறுவதில்லை என்பதால் கிழிசலும் வாய் திறப்பதில்லை. உங்களுக்குக் குறை தெரியாமல் இருப்பது அதனால்தான்.

ஸ்கேனரில் வந்த குறியீட்டை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அது பி0299 என்று இருந்தால், வரவேண்டிய அழுத்தம் வரவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். ஏன் வரவில்லை என்பதை ஆள்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தத் தேடலைச் செய்யாமலே விலை சொல்லிவிடுவதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இன்டர்கூலர் ஓஸ்களின் இரு முனைகளையும் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். உள்ளே லேசான எண்ணெய்ப் பசை இருப்பது இயல்பு. ஆனால் கிளாம்ப்புக்கு அருகே வெளிப்புறத்தில் கறுப்பாக எண்ணெய் கசிந்து, அதில் நெற்பதரும் புழுதியும் ஒட்டி மொத்தையாக இருந்தால், காற்று வெளியேறும் இடம் அதுதான். கண்ணுக்குத் தெரியாவிட்டால், காற்று நுழையும் வாயை அடைத்து, 15 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாமல் காற்றேற்றி, இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவச் சொல்லுங்கள். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பது போல, கசியும் இடத்தில் குமிழி கிளம்பும்.

அறுவடைக் காலத்தில், நெல்லும் வைக்கோலும் காயும் சாலைகளில் ஓடிய வண்டிக்கு ஏர் ஃபில்டர் அடைத்திருக்கவும் இடமுண்டு. கையேட்டில் சொன்ன கிலோமீட்டர் வரட்டும் என்று காத்திராமல் அதை இப்போதே கழற்றிப் பாருங்கள். டர்போவைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டருக்கு வாக்குவம் (உறிஞ்சும் வெற்றிட விசை) செல்லும் சிறு ரப்பர் குழாயையும் பார்க்க வேண்டும். வயல் வெறுமையானதும் எலிகள் வீட்டுப் பக்கம் வரும் காலம் இது, நிறுத்திய காருக்குள் புகுந்து அவை கடிப்பவற்றில் இத்தகைய குழாய்களும் உண்டு.

இவை எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே டர்போவைச் சந்தேகிக்க வேண்டும். இன்ஜின் ஆறிய பின், காற்று நுழையும் பக்கத்துக் குழாயைக் கழற்றித் தண்டை விரலால் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் இம்மியளவு அசைவு இருக்கலாம். முன்னும் பின்னும் கையில் தெரியும்படி நகர்ந்தாலோ, இதழ்கள் உறையில் உரசிய தடம் இருந்தாலோ டர்போ தேய்ந்துவிட்டது. நீலப்புகை வந்து ஆயில் அளவும் குறைந்தால் வண்டியை ஓட்டவே வேண்டாம். அப்படி மாற்ற நேர்ந்தால், ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, டர்போவுக்கு ஆயில் வரும் குழாயையும் சுத்தம் செய்தாக வேண்டும். அதில் கசடு அடைத்திருந்தால் புதிய டர்போவும் விரைவில் போய்விடும்.

முறையீட்டுக்கு ஆதாரம் வேலை தொடங்கும் முன்பே உருவாக வேண்டும். பழுதின் காரணத்தையும், போடப்போவது புதிய டர்போவா ரீகண்டிஷன் செய்ததா என்பதையும் எஸ்டிமேட்டில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய டர்போவைக் கையோடு கேட்டுப் பெறுங்கள். பில் தராமல் இருப்பது, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. மாற்றியும் குறை தீராவிட்டால் முதலில் எழுத்து மூலம் ஒர்க்ஷாப்புக்குத் தெரிவியுங்கள்; அதன் பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது திருவாரூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது.

கேள்வி: வாரண்டி முடியாத பெட்ரோல் டர்போ கார் வைத்திருக்கிறேன். ரீமேப் (இன்ஜின் கணினியின் நிரலை மாற்றுவது) செய்தால் இழுவை கூடும், தேவைப்படும்போது பழைய நிலைக்கே மாற்றிவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: இழுவை கூடும் என்பது உண்மைதான். டர்போவின் அழுத்தத்தையும் எரிபொருள் அளவையும் உயர்த்தித்தான் அதைக் கூட்டுகிறார்கள். அந்தக் கூடுதல் சூட்டையும் அழுத்தத்தையும் பிஸ்டன், கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாம் தாங்கியாக வேண்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் உள்ளே போகும் காற்றே சூடாக இருப்பதால் எரிபொருள் நேரம் தவறி எரிந்து இன்ஜின் தட்டும் (நாக்கிங்) வாய்ப்பும் அதிகம். பழைய நிரலை ஏற்றிவிட்டாலும், எத்தனை முறை நிரல் மாற்றப்பட்டது என்ற எண்ணிக்கை பல கார்களின் கணினியில் பதிவாகி நிற்கும். அதைக் காட்டி வாரண்டியை மறுத்தால் உங்கள் பக்கம் வாதம் இராது. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் செய்த மாற்றம், விபத்து இழப்பீடு கேட்கும்போதும் தகராறாகும். வாரண்டி முடியும்வரை இதைத் தொடாதீர்கள். இழுவை குறைந்துவிட்டது என்று தோன்றினால், மேலே சொன்ன ஏர் ஃபில்டரையும் ஓஸ்களையும் வாரண்டியிலேயே சோதிக்கச் சொல்லி, சோதித்ததை ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள்.