காசின் பின்பக்கம் நிற்கும் அந்த இரண்டு பையன்கள் யார்?

கேள்வி: இணைய ஏலத்தில் ஒரு ரோமானியத் தங்கக் காசு வந்திருக்கிறது. முன்பக்கம் ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸின் தலை, முகத்தின் குறுக்கே ஓர் உளி வெட்டு. பின்பக்கம் கேடயம், ஈட்டியோடு இரண்டு பேர். "இரண்டு பேரரசர்கள், அபூர்வம்" என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: காசு அசலாகவே இருக்கலாம், அவர் சொல்லும் கதைதான் தப்பு. அந்த இருவரும் பேரரசர் ஆனதே இல்லை. அகஸ்டஸின் மகள் யூலியா பெற்ற பிள்ளைகள், கையஸும் லூசியஸும். ஆண் வாரிசு இல்லாத தாத்தா கிமு 17ல் இருவரையும் தன் மகன்களாகவே தத்தெடுத்துக்கொண்டார். "அடுத்து இவர்கள்தான்" என்று ஊருக்கெல்லாம் சொல்ல, காசை விட நல்ல வழி அன்று ஏது? கேடயங்களுக்கு மேலே உற்றுப் பாருங்கள், ஓர் அகப்பையும் நுனி வளைந்த கோலும் தெரியும். அகப்பை பூசாரிப் பதவி வகித்த கையஸுக்கு, கோல் பறவை நிமித்தம் பார்க்கும் பதவியில் இருந்த லூசியஸுக்கு.

முன்பக்கம் 'நாட்டின் தந்தை' என்ற பட்டம் இருக்கும். அது அகஸ்டஸுக்குக் கிடைத்தது கிமு 2ல், அதனால் காசு அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. பாவம், கிபி 2ல் லூசியஸ் மார்செய்யில் இறந்தான், ஆர்மீனியாவில் காயம்பட்ட கையஸ் கிபி 4ல் போய்ச் சேர்ந்தான். வேறு வழியில்லாமல் அதே ஆண்டு தன் மனைவியின் மகன் டைபீரியஸைத் தத்தெடுத்தார் கிழவர். கிபி 13-14ல் அடித்த தங்கக் காசில் பின்பக்கம் டைபீரியஸின் தலை வந்துவிட்டது, வாகை மாலை மட்டும் இல்லை.

வெட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1898ல் புதுக்கோட்டைப் பக்கம் கிடைத்த 501 ரோமானியத் தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றில் மன்னர் முகத்தில் இதே மாதிரி வெட்டுதான். ஆனால் விலையைக் குறைத்துக் கேட்க அது நல்ல சாக்கு.

சரி, வாங்குவதற்கு முன் எடையைக் கேளுங்கள். இதே படத்தோடு வெள்ளிக் காசுகள் ஏராளமாக அடிக்கப்பட்டன, அகலத்திலும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. தங்கம் என்றால் 7.8 கிராம் பக்கம் வர வேண்டும்; 3.8 கிராம் என்று பதில் வந்தால் அது முலாம் பூசிய வெள்ளிதான். எழுத்துகள் வாசிக்க முடியாத கிறுக்கலாக இருந்தால் அந்தக் காலத்திலேயே நம் நாட்டில் அசலைப் பார்த்து அடித்த நகலாகவும் இருக்கலாம், அதைச் சேகரிப்பவர்களும் உண்டு, ஆனால் அகஸ்டஸ் காசு என்ற விலைக்கு வாங்காதீர்கள். அப்புறம், விளிம்பைக் கிட்டத்தில் எடுத்த படம் ஒன்று கேளுங்கள், முலாம் முதலில் தேய்வது அங்கேதான்.