கேள்வி – பதில்: பெடிகிரித் தாளுக்கு முன்னும் பின்னும்

இன நாய்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பல ஒன்றையொன்று ஒத்திருந்தன. அவற்றைச் சேர்த்துச் சுருக்கி இங்கே விடையளித்திருக்கிறேன். தங்கள் கேள்வி வேறு சொற்களில் வந்திருப்பதைக் கண்டால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கேள்வி: தூய இன நாய் என்று எதைச் சொல்கிறார்கள்? தோற்றத்தைப் பார்த்தே சொல்லிவிட முடியாதா?

பதில்: தோற்றத்தைக் கொண்டு ஊகிக்கலாமே தவிர, உறுதியாகச் சொல்ல முடியாது. தாயும் தந்தையும் அவற்றின் முன்னோரும் ஒரே இனத்தின் வம்சாவளிப் பதிவேட்டில் இடம்பெற்றிருந்தால்தான் ஒரு குட்டியைத் தூய இனம் என்று ஏற்றுக்கொள்கிறார்கள். அதற்கான சான்றைத்தான் நாய் வளர்ப்போர் பெடிகிரி என்றும், பேச்சில் வெறுமனே ‘பேப்பர்’ என்றும் குறிப்பிடுகிறார்கள்.

அந்தப் பதிவேட்டின் வயது நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. 1859இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பாயின்டர், செட்டர் என்ற இரண்டு வகை வேட்டைத் துணை நாய்களுக்கு மட்டும் ஒரு கண்காட்சி நடந்தது. வென்ற நாய்களின் சொந்தக்காரர்களுக்குத் துப்பாக்கிகளைப் பரிசாகக் கொடுத்தார்கள் என்பதிலிருந்தே அங்கே கூடியவர்கள் யார் என்று தெரிந்துகொள்ளலாம். கண்காட்சிகள் பெருகப் பெருக, எந்த நாய் எதன் குட்டி என்பதை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டிய தேவை வந்தது. 1873இல் லண்டனில், இன நாய்களைப் பதிவு செய்யும் சங்கமான கென்னல் கிளப் தோன்றியது. அமெரிக்கன் கென்னல் கிளப் 1884இல் வந்தது. ஐரோப்பிய நாடுகள் ஐந்து சேர்ந்து 1911இல் தொடங்கிய பன்னாட்டுக் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ., இன்று 350க்கும் மேற்பட்ட இனங்களை ஏற்றிருக்கிறது.

இடையில் ஒரு சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடிதங்களில் பாதிக்கு மேல் ‘ஜாதி நாய்’ என்றே எழுதப்பட்டிருந்தது. அந்தச் சொல்லைப் போட்டவுடன் உயர்வு தாழ்வும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. தெருவில் வளரும் நாய்க்கும் பதிவேட்டில் இருக்கும் நாய்க்கும் அறிவிலோ அன்பிலோ ஏற்றத்தாழ்வு இல்லை. ஒன்றின் முன்னோரைப் பற்றி யாரோ எழுதிவைத்தார்கள், மற்றொன்றின் முன்னோரைப் பற்றி எழுதவில்லை. ஆகையால் ‘இன நாய்’ என்ற சொல்லையே நான் பயன்படுத்துகிறேன்.

கேள்வி: அப்படியானால் நாய்க்கும் மனிதனுக்கும் உள்ள உறவு எவ்வளவு பழையது?

பதில்: ஜெர்மனியில் பான் நகரத்தை ஒட்டிய ஓபர்காசல் என்ற இடத்தில், 1914இல் கல் வெட்டியெடுக்கும்போது ஒரு புதைகுழி வெளிப்பட்டது. ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முந்தைய அக்குழியில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இருந்தார்கள். அவர்களோடு சுமார் ஏழு மாத வயதுடைய ஒரு நாய்க்குட்டியின் எலும்புகளும் பற்களும் கிடைத்தன. அந்தப் பற்களின் எனாமலில் இருந்த பள்ளங்களை ஆராய்ந்தவர்கள், குட்டிக்கு டிஸ்டெம்பர் என்னும் கடுமையான வைரஸ் நோய் வந்திருந்ததாக 2018இல் எழுதினார்கள். இன்று தடுப்பூசி போடாத குட்டிகளை வாரிக்கொண்டு போகிற அதே நோய்தான். அந்தக் குட்டியோ நோய் தாக்கிய பிறகும் பல வாரங்கள் உயிரோடு இருந்திருக்கிறது. யாராவது அதன் உடலைச் சூடாக வைத்திருந்து, வாந்தியையும் கழிவையும் துடைத்து, வாயில் தண்ணீர் ஊற்றாமல் அது நடந்திருக்க வழியில்லை என்பது அவர்களுடைய முடிவு. ஏழு மாதக் குட்டி, அதிலும் நோயாளிக் குட்டி, வேட்டைக்கு உதவியிருக்காது, காவலுக்கும் உதவியிருக்காது. பயனை எதிர்பார்த்துத்தான் மனிதன் நாயை வைத்துக்கொண்டான் என்று அடித்துச் சொல்பவர்களிடம் இந்தப் பல்லைப் பற்றித்தான் நான் சொல்வது வழக்கம்.

கேள்வி: உலகின் மிகப் பழைய இனம் எது? ஃபாரோ ஹவுண்ட் எகிப்திய மன்னர்கள் காலத்து நாய் என்கிறார்களே?

பதில்: பெயரை நம்பிவிடாதீர்கள். எகிப்தியக் கல்லறை ஓவியங்களில் நிமிர்ந்த காதும் ஒடுங்கிய இடுப்புமாக ஓடும் நாய்கள் இருப்பது உண்மை. ஆனால் 2004இல் வெளிவந்த மரபணு ஆய்வில், ஃபாரோ ஹவுண்ட் பழைய இனங்களின் கூட்டத்தில் சேரவில்லை; அண்மைக் காலத்தில் பிற நாய்களிலிருந்து உருவான இனங்களோடுதான் சேர்ந்து நின்றது. சலுகி, பாசென்ஜி, அகிதா போன்றவையே பழைய கிளையில் இருந்தன. ஓவியத்தில் இருப்பதைப் போன்ற ஒரு நாய் இன்று இருக்கிறது என்றால், அந்த வடிவத்தின் மீது மனிதர்களுக்கு இருந்த ஆசை மீண்டும் மீண்டும் பிறந்திருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

கேள்வி: குட்டைக் கால், தொங்கும் காது, பூடில் நாய்க்குச் செய்யும் வேடிக்கையான முடிவெட்டு இவையெல்லாம் மனிதனின் விளையாட்டுப் புத்தியால் வந்தவைதானே?

பதில்: சில அப்படித்தான். பெரும்பாலானவை வேலையிலிருந்து வந்தவை. வேலை போய்விட்டதால் நமக்கு விளையாட்டாகத் தெரிகின்றன.

பூடில் முதலில் நீரில் விழுந்த வாத்துகளை நீந்திச் சென்று எடுத்து வந்த நாய். தண்ணீரில் அளைவதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து அதன் பெயர் வந்தது. அடர்ந்த முடி நனைந்து கனத்தால் நீந்த முடியாது என்பதற்காகப் பின்பகுதியைச் சிரைத்தார்கள். குளிர் தாக்கக் கூடாது என்பதற்காக மார்பிலும் மூட்டுகளிலும் முடியை விட்டுவைத்தார்கள். கண்காட்சி மேடையில் பஞ்சுருண்டைகளாகத் தெரிவது அந்த ஏற்பாட்டின் மிச்சம். டாக்ஸ்ஹுண்ட் என்ற பெயரிலேயே தரைக்கடியில் வளை தோண்டி வாழும் பேட்ஜர் என்ற விலங்கு இருக்கிறது; வளைக்குள் புகுந்து அதை எதிர்கொள்ளவே அந்தக் குட்டைக் கால்கள்.

லாப்ரடாரை நான் கையால் தொட்டுத் தெரிந்துகொண்டேன். என்னிடம் இருந்த லாப்ரடார் குளத்தை விட்டு வெளியே வந்து இரண்டு முறை உதறிவிட்டு நிற்கும்போது, அதன் முதுகு முடியை விரல்களால் வகிர்ந்து பார்த்திருக்கிறேன்; மேல்முடி ஈரமாக ஒட்டிக்கொண்டிருக்கும், அடியில் இருக்கும் மென்முடி கதகதப்பாக, பல நேரங்களில் தோல்வரை நனையாமல் இருக்கும். கால்விரல்களுக்கு நடுவே தோல் விரிந்திருக்கும். வால் அடியில் தடித்து நுனியில் குறுகி, நீரில் துடுப்பைப் போலத் திரும்பும். நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் குளிர்ந்த கடலில் மீனவர்களோடு கயிறும் வலையும் இழுத்த நாய்களின் வழிவந்தது அது. அந்த முன்னோர் இனம் இன்று இல்லை. வீட்டுச் சோபாவில் படுத்திருக்கும் ஒரு நாயின் தோலில், அழிந்துபோன ஒரு மீன்பிடித் தொழில்முறை இன்னும் எழுதப்பட்டிருக்கிறது. இன நாய்களைக் கொண்டாட எனக்கு இந்தக் காரணம் ஒன்றே போதும்.

இதைவிட விசித்திரமானது நார்வே நாட்டின் லுண்டெஹுண்ட். கடலோரப் பாறை இடுக்குகளில் கூடு கட்டும் பஃபின் என்ற பறவையைப் பிடிப்பதற்காக வளர்க்கப்பட்ட அந்த நாய்க்கு ஒவ்வொரு காலிலும் குறைந்தது ஆறு விரல்கள் உண்டு. முன்கால்களைப் பக்கவாட்டில் முழுவதும் விரிக்கும், தலையைப் பின்னால் முதுகுவரை வளைக்கும், காதை மடித்து மூடிக்கொள்ளும். இதன் துயரக் கதைக்குப் பின்னர் வருகிறேன்.

கேள்வி: செயின்ட் பெர்னார்ட் நாய் கழுத்தில் பிராந்திப் பீப்பாயுடன் பனியில் சிக்கியவர்களைக் காப்பாற்றியது உண்மையா?

பதில்: காப்பாற்றியது உண்மை, பீப்பாய் கட்டுக்கதை. ஆல்ப்ஸ் மலைக் கணவாயில் இருந்த மடத்தின் துறவிகள் வளர்த்த பாரி என்ற நாய் (1800–1814) நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றியதாகச் சொல்லப்படுகிறது. அதன் பதப்படுத்திய உடல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பீப்பாய், 1820இல் எட்வின் லாண்ட்சீர் என்ற ஆங்கிலேய ஓவியர் தீட்டிய படத்தின் வழியாகப் பரவியது.

கேள்வி: இனங்களை யார் உருவாக்கினார்கள்? பிரபுக்களா, சாமானியர்களா?

பதில்: இருவரும்தான். ஜெர்மனியின் அபோல்டா நகரில் வரி வசூலித்தவரும், நாய் பிடிக்கும் பணியோடு தொடர்புடையவருமான கார்ல் ஃபிரீட்ரிஷ் லூயிஸ் டோபர்மான், தமக்குத் துணையாக வரும் மிரட்டலான ஒரு நாயை விரும்பினார். அவர் பெயரையே அந்த இனம் சுமக்கிறது. ஆனால் எந்தெந்த நாய்களைச் சேர்த்தார் என்று அவர் எழுதிவைக்கவில்லை. இன்றுவரை எல்லாரும் ஊகித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறு கோல்டன் ரிட்ரீவர். ரஷ்ய சர்க்கஸ் நாய்களை மொத்தமாக விலைக்கு வாங்கி இந்த இனத்தை உருவாக்கினார்கள் என்ற சுவையான கதை நெடுங்காலம் உலவிவந்தது. ஸ்காட்லாந்தில் பண்ணை வைத்திருந்த ட்வீட்மவுத் பிரபுவின் குடும்பத்து நாய்ப் பதிவேடு 1952இல் வெளியானபோது அந்தக் கதை முடிந்தது. நவுஸ் என்ற மஞ்சள் ரிட்ரீவருக்கும் ட்வீட் நீர் ஸ்பானியல் என்ற வகையைச் சேர்ந்த பெல் என்ற நாய்க்கும் 1868இல் நான்கு மஞ்சள் குட்டிகள் பிறந்தன என்று அதில் இருந்தது. நாயைப் பற்றி ஒரு வரி எழுதிவைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு இந்த இரண்டு இனங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும்.

முன்னாள் குதிரைப்படை அதிகாரியான மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் 1899இல் ஒரு கண்காட்சியில் பார்த்து வாங்கிய ஆட்டுமேய்ப்பு நாய்தான் ஜெர்மன் ஷெப்பர்ட் பதிவேட்டின் முதல் எண். மேய்ச்சல் நிலம் சுருங்கிவருவதைக் கண்ட அவர், இந்த நாய்களைக் காவல்துறைக்கும் படைக்கும் கொண்டுபோனார். முதல் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1916இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் வழிகாட்டி நாய்ப் பள்ளி தொடங்கியபோதும் இந்த இனம் கைகொடுத்தது. ஒரு வேலை மறைந்தபோது இன்னொரு வேலையைத் தேடிக் கொடுத்ததால் பிழைத்த இனம் என்று இதைச் சொல்வேன்.

கேள்வி: இனத்தை வைத்துக் குணத்தைச் சொல்லலாமா?

பதில்: ஓரளவுக்குத்தான். 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அமெரிக்காவில் நடந்து 2022இல் வெளிவந்த ஆய்வின்படி, ஒரு நாய்க்கும் மற்றொரு நாய்க்கும் உள்ள குண வேறுபாட்டில் சுமார் 9 சதவிகிதத்தைத்தான் இனத்தால் விளக்க முடிகிறது. சொல் கேட்கும் இயல்பு போன்றவற்றில் இனத்தின் பங்கு கூடுதல். எளிதில் சீறும் இயல்பில் மிகக் குறைவு. ‘இந்த இனம் கடிக்கும், அந்த இனம் கடிக்காது’ என்று அடித்துச் சொல்பவரிடம் கவனமாக இருங்கள்.

கேள்வி: உள்ளினச் சேர்க்கையால் நோயும் ஊனமும் பெருகுகின்றன என்று தெரிந்தும் இன நாய்களைக் கொண்டாடுவது சரியா?

பதில்: வந்த கேள்விகளில் கடினமானது இதுதான், நியாயமானதும்கூட. பதிவேட்டை மூடிவிட்டு அதற்குள்ளேயே துணை சேர்த்தால், நல்ல மரபணுவோடு கெட்டதும் சேர்ந்து பெருகும். பஃபின் வேட்டை நாய் என்று மேலே சொன்னேனே, அந்த லுண்டெஹுண்ட் இருபதாம் நூற்றாண்டில் டிஸ்டெம்பர் பரவியதால் ஆறே நாய்களாகக் குறைந்தது. இன்றைய லுண்டெஹுண்டுகள் எல்லாம் அந்தச் சிலவற்றின் வாரிசுகள். குடல் நோயும் குறைந்த குட்டி எண்ணிக்கையும் அவற்றை விடாமல் துரத்துகின்றன. டாக்ஸ்ஹுண்டின் குட்டைக் காலுக்குக் காரணம் எஃப்.ஜி.எஃப்.4 என்ற மரபணுவின் உபரி நகல். அதே மரபணுவின் வேறோர் உபரி நகல் முதுகெலும்புத் தட்டு பிதுங்கும் நோயோடு தொடர்புடையது.

லுண்டெஹுண்டின் நிலையை விபத்து என்று ஒதுக்கலாம். புல்டாக்கை அப்படி ஒதுக்க முடியாது. காளையோடு நாயை மோதவிடும் கொடிய கேளிக்கை இங்கிலாந்தில் 1835இல் தடைசெய்யப்பட்ட பிறகு அதற்கு வேலை இல்லை. அதன்பின் கண்காட்சி மேடையின் ரசனைக்காக மூக்கு உள்ளே உள்ளே போய்க்கொண்டிருந்தது. இன்று பல புல்டாக்குகள் சாதாரணமாக நடந்தாலே மூச்சு இரைக்கின்றன, குட்டிகளைப் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையால்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. இது பாரம்பரியம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தாயோடு மகன், உடன்பிறந்தவை தமக்குள் என்று சேர்த்துப் பெற்ற குட்டிகளைப் பதிவு செய்வதில்லை என்று பிரிட்டனின் கென்னல் கிளப் முடிவெடுத்ததே 2009இல்தான்.

ஆனாலும் வழி இருக்கிறது என்பதற்கு டால்மேஷியன் சாட்சி. இந்த இனத்தின் எல்லா நாய்களிடமும் ஒரே மரபணுக் குறை இருந்ததால், சிறுநீரில் யூரிக் அமிலம் மிகுந்து சிறுநீர்ப்பையில் கல் உண்டாகக்கூடும். எல்லாவற்றிடமும் குறை இருக்கும்போது, இனத்துக்குள்ளேயே எவ்வளவு தேடினாலும் மருந்து கிடைக்காது. 1973இல் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் ஒரே ஒரு முறை டால்மேஷியனைப் பாயின்டரோடு சேர்த்தார். பிறந்த குட்டிகளில் நல்ல மரபணு கொண்டவற்றை மீண்டும் மீண்டும் டால்மேஷியன்களோடேயே சேர்த்தார். சில தலைமுறைகளில் புள்ளி, வடிவம், ஓட்டம் எல்லாம் டால்மேஷியன். சிறுநீர் மட்டும் மற்ற நாய்களுடையதைப் போல. ‘கலப்படம்’ என்று இனச் சங்கத்தில் பலர் எதிர்த்தார்கள். அமெரிக்கன் கென்னல் கிளப் அந்த வழி நாய்களை ஏற்றுக்கொண்டது 2011இல். நாற்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக, ஒரு நாயின் உடல் நலத்தைவிட ஒரு தாளின் தூய்மை பெரிதாக இருந்திருக்கிறது. நான் கொண்டாடுவது ஷைபிளின் குட்டிகளை.

கேள்வி: குட்டி வாங்கும்போது பெடிகிரித் தாளில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: தந்தை வழியிலும் தாய் வழியிலும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறதா என்று முதலில் பாருங்கள். சாம்பியன் என்ற பட்டங்களை எண்ணுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். பெற்றோரின் இடுப்பு மூட்டு எக்ஸ்ரே, கண் பரிசோதனை, டால்மேஷியனாக இருந்தால் செவித்திறன் பரிசோதனை ஆகியவற்றின் முடிவுகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பிறகு தாளை மடித்து வைத்துவிட்டுத் தாய் நாயைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். அது வாய் மூடி அமைதியாக மூச்சு விடுகிறதா, அந்நியரைக் கண்டு ஒடுங்காமல் எழுந்து வருகிறதா என்று கவனியுங்கள். தாய் வேறிடத்தில் இருக்கிறது, இப்போது பார்க்க முடியாது என்று பதில் வந்தால், குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.