வாசகர் கேள்வி: பாதியில் நிற்கும் பக்கங்கள்

கேள்வி: வீட்டுக் கம்ப்யூட்டரில் சில தளங்கள் உடனே வருகின்றன, சில சுற்றிக்கொண்டே நிற்கின்றன. மெயிலில் பெரிய ஃபைல் இணைத்தால் போவதே இல்லை. செல்போன் டேட்டாவில் எல்லாம் சரி. "எம்டியூவை 576 ஆக்குங்க, ஸ்பீடும் கூடும்" என்கிறார் கேபிள்காரர். செய்யலாமா?
— வாசகர், குடியாத்தம்

பதில்: இணையத்தில் தகவல் பாக்கெட் என்ற சிறு துண்டுகளாகப் போகிறது; ஒரு பாக்கெட்டுக்கு அனுமதித்த உச்ச அளவுதான் எம்டியூ. அதைக் குறைக்க வேண்டியிருக்கலாம், ஆனால் 576 வேண்டாம். ஸ்பீடும் கூடாது. ஒவ்வொரு பாக்கெட்டிலும் 40 பைட் முகவரி முதலான விவரங்களுக்கே போகிறது. 1492 பைட் பாக்கெட்டில் அது 2.7 சதவீதம், 576ல் ஏறக்குறைய 7.

ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு 1500 பைட். யூசர் நேம், பாஸ்வேர்டு போட்டு ரவுட்டர் இணையும் பிபிபிஓஇ முறை என்றால் அதில் 8 கழிந்து 1492தான் மிஞ்சும். அதைவிடப் பெரிய பாக்கெட் வந்தால் "சிறிதாக்கி அனுப்பு" என்ற ஐசிஎம்பி தகவல் அனுப்பியவருக்குத் திரும்ப வேண்டும். நடுவில் ஏதாவது ஃபயர்வால் அதை விழுங்கிவிட்டால், அனுப்பிய கம்ப்யூட்டர் ஒன்றும் அறியாமல் அதே பாக்கெட்டை மறுபடி மறுபடி அனுப்பும். சின்ன பாக்கெட்டுகள் தாண்டிவிடும். பக்கம் திறக்கத் தொடங்கிப் பாதியில் நிற்பது இதனால்தான்.

முதலில் அளந்து பாருங்கள். விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்டில், ஆங்கில எழுத்தில்: பிங் -எஃப் -எல் 1000 1.1.1.1. பதில் வந்தால் 1000 இருக்கும் இடத்தில் 1472 போடுங்கள். ஃபிராக்மென்ட் செய்ய வேண்டும் என்றோ டைம் அவுட் என்றோ வந்தால் எட்டெட்டாக இறக்குங்கள். ஒழுங்காகப் பதில் வரும் பெரிய எண்ணோடு 28 கூட்டினால் அதுவே உங்கள் எம்டியூ. 1464 என்றால் 1492.

அதை ரவுட்டரின் டபிள்யூஏஎன் (வெளி இணைய இணைப்பு) பகுதியில் போடுவதே நல்லது. பெரிய பாக்கெட் வராதபடி ரவுட்டரே இரு பக்கமும் அளவைக் குறைத்துச் சொல்லும் எம்எஸ்எஸ் கிளாம்பிங் என்ற வசதி இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள்; வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் சேர்த்துச் சரியாகும். ரவுட்டர் பாஸ்வேர்டு கையில் இல்லையா? கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து: நெட்ஷ் இன்டர்ஃபேஸ் ஐபிவி4 செட் சப்இன்டர்ஃபேஸ் "வை-ஃபை" எம்டியூ=1492 ஸ்டோர்=பெர்சிஸ்டென்ட். 'செட்'டுக்குப் பதில் 'ஷோ சப்இன்டர்ஃபேசஸ்' என்று முடித்தால் உங்கள் அடாப்டரின் சரியான பெயர் தெரியும். 1280க்குக் கீழே மட்டும் போகாதீர்கள்; புதிய இணைய முகவரி முறையான ஐபிவி6க்கு அதுதான் அடிமட்டம்.

கேள்வி: ஷூ கம்பெனிக் கணக்கை வீட்டிலிருந்து விபிஎன் வழியாகப் பார்க்கிறேன். கனெக்ட் ஆகிறது, ஸ்கிரீன்தான் வருவதில்லை.
— வாசகி, ஆம்பூர்

பதில்: இதுவும் அதே கோளாறாக இருக்கலாம். விபிஎன் என்பது இணையத்தின் ஊடே கம்பெனி நெட்வொர்க்குக்குப் போகும் தனி வழி; அது ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் மேலே இன்னொரு உறை போடுகிறது. வை-ஃபையைத் தொடாமல் விபிஎன் அடாப்டருக்கு மட்டும் 1400 கொடுங்கள், போதாவிட்டால் 1350. 1300லும் நகரவில்லை என்றால் எம்டியூவை விட்டுவிட்டுக் கம்பெனி ஐடி ஆளிடம் சர்வரைப் பார்க்கச் சொல்லுங்கள்.