ஊட்டி, மூணாறு, கொடைக்கானல்... திரும்பி வந்து துணி துவைப்பது யார்?

கேள்வி: திருச்சியில் இருக்கிறோம். கணவர் புதிதாக ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியிருக்கிறார். மே மாதத்தில் ஊட்டி, மூணாறு, கொடைக்கானல் மூன்றையும் 6 நாளில் சுற்றிவிட்டு, நடுவில் யூடியூபில் பார்த்த ஒரு காட்டுப் பாதையில் மலையேறவும் திட்டம் போட்டிருக்கிறார். 8 வயதுப் பையனுக்குக் காரில் ஏறினாலே வாந்தி. 13 வயதுப் பெண் "நான் வரலை" என்கிறாள். மாமியாருக்கு மூட்டு வலி. மூட்டை கட்டுவதில் இருந்து திரும்பி வந்து துணி துவைப்பது வரை எல்லாம் என் தலையில். பேசாமல் வீட்டிலேயே இருக்கலாம் என்றால், "பிள்ளைங்க ரெண்டு மாசமும் போனையே பார்த்துக்கிட்டு இருக்கணுமா?" என்கிறார். யார் சொல்வது சரி?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தில் மலையைப் பற்றி நாலு வரி, துணியைப் பற்றி ஒரு வரி. கோபம் முழுக்க அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. பயணமே பிடிக்காது என்று நீங்கள் எங்கும் எழுதவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் விடுமுறை, உங்களுக்கு மட்டும் வேலை செய்யும் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். அதனால் போவதா, வேண்டாமா என்று கணவரோடு வழக்காட வேண்டாம். "ஏங்க, ஊருக்குப் போக எனக்கும் ஆசைதான். ஆனா பையனோட பையும் திரும்பி வந்த அன்னைக்கு வாஷிங் மெஷினும் உங்க பொறுப்பு" என்று கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். அன்று இரவுச் சாப்பாடு கடையில்தான் என்பதையும் அப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இனி அவருடைய திட்டம். அதை அவரே கிழித்துப் போட்டுவிடுவது நல்லது. மூன்று மலைகளை 6 நாளில் ஏறி இறங்கினால் பாதி நேரம் காருக்குள்தான் போகும், அதுவும் வாந்தி எடுக்கும் பையனோடு. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. 2025 கோடையில் உயர் நீதிமன்றம் வாகன எண்ணிக்கைக்கே வரம்பு வைத்தது: நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அப்படியும் மே மாதத்தில் மலர்க் கண்காட்சி நேரத்தில் ஊட்டிக்குள் வண்டி நகர்வதைப் பார்த்தால், இறங்கி நடந்தே போய்விடலாம் என்று தோன்றும்.

காட்டுப் பாதை விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்வேன், வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோடையில் காய்ந்த புல் எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பது வீடியோவில் தெரியாது. மலையேற ஆசை என்றால் வனத்துறை 2024-இல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' இருக்கிறது. 14 மாவட்டங்களில் 40 பாதைகளோடு தொடங்கினார்கள். ஆன்லைனில் பதிவு செய்தால் அந்தப் பகுதி ஆட்களே வழிகாட்டியாக வருவார்கள். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். உங்கள் பையனோடு போனால் எளிதானது மட்டும். காட்டுத்தீ காலத்தில் பாதைகளை மூடிவிடுவதும் உண்டு, அதனால் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு லீவு போடச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால், பெரிய பயணம் ஒன்றே ஒன்று போதும். அது கொல்லிமலையாக இருக்கட்டும். உங்களுக்குப் பக்கம், மே மாதம் பலாவும் கிடைக்கும். காரவள்ளி வழியில் 70 கொண்டை ஊசி வளைவுகள். முள்ளுக்குறிச்சி வழியாகவும் ஏறலாம், சுற்றுதான், ஆனால் பையனின் வயிற்றுக்கு அது பரவாயில்லை. மேலே அறப்பளீஸ்வரர் கோயிலில் மாமியார் நிம்மதியாக உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் ஆகாய கங்கை அருவிக்கு இறங்கலாம். ஆயிரத்துக்கும் மேல் படிகள். இறங்கும்போது எல்லோரும் வீரர்கள்தான், ஏறும்போதுதான் தெரியும். தண்ணீரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் அருவி மெலிந்திருக்கவும் கூடும், பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

புது ஓட்டுநருக்கு ஒரு வார்த்தை: மலை ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும், பிரேக்கை மிதித்தபடியே வருவதும் ஆபத்து. பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். எதிரே ஏறி வரும் வண்டிக்கு முதலில் வழி விட வேண்டும். பழைய கார் என்பதால் டயரையும் பிரேக்கையும் மெக்கானிக் பார்த்த பிறகே மலைக்கு எடுக்கட்டும்.

பையனை வெறும் வயிற்றோடும் கூட்டிப் போகாதீர்கள், பூரி, பொங்கல் என்று நிரப்பியும் கூட்டிப் போகாதீர்கள். இரண்டு இட்லி போதும். காரில் போன் கூடாது. பின் சீட்டில் நடுவில் பெல்ட் போட்டு, முன் கண்ணாடி வழியாகத் தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை வேண்டுமென்றால் குழந்தை மருத்துவரிடம் எடைக்கேற்ற அளவைக் கேட்டு, கிளம்பும் முன்பே கொடுத்துவிட வேண்டும். வளைவு தொடங்கிய பிறகு கொடுத்து என்ன பயன்?

மற்ற வாரங்களில் விடியற்காலையில் கிளம்பி மதியத்துக்குள் வீடு திரும்புகிற மாதிரி போய் வாருங்கள். புதுக்கோட்டைச் சாலையில் நார்த்தாமலை இருக்கிறது. மேலமலைப் பாறையில் ஏறினால் 9-ஆம் நூற்றாண்டு விஜயாலய சோழீஸ்வரம், எதிரே குடைவரையில் 12 திருமால் சிலைகள். இன்னொரு நாள் சித்தன்னவாசல். அங்கே ஏழடிப்பட்டம் என்ற குகையில் சமணர் கற்படுக்கைகளும், தமிழின் பழைய எழுத்து வடிவமான தமிழியும் பார்க்கலாம். மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிடும், அதன் பிறகு 9 மணிக்கு மேல் அந்தப் பாறையில் கால் வைக்க முடியாது.

மீதி நாளெல்லாம் வீடுதான். அதை வீண் என்று கணவர் நினைக்க வேண்டாம். மாமியார் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாவுப் பதம் சொல்ல, பிள்ளைகள் மொட்டை மாடியில் வடகம் பிழியட்டும். 13 வயதில் தோசை வார்க்கலாம், 8 வயதில் துணி மடிக்கலாம். கோணலாகத்தான் மடிப்பான், பிரித்து மறுபடி மடிக்காதீர்கள்.

கடைசியாக உங்கள் பெண். 13 வயதுப் பெண் "வரலை" என்றால் அது வெறும் பிடிவாதமாக இருக்க வேண்டியதில்லை. மாதவிடாய் நாள் பயணத்தில் வந்துவிடுமோ, வழியில் நல்ல கழிப்பறை இருக்காதோ என்ற பயமாகக்கூட இருக்கலாம். அப்பா இல்லாத நேரத்தில் தனியாகக் கேளுங்கள். அதுதான் காரணம் என்றால் தேதியை மாற்றுங்கள், "அந்தத் தேதி சரிப்படாது" என்று கணவரிடம் சொன்னால் போதும். வெறும் அலுப்புதான் என்றால், நார்த்தாமலை போகிற அன்று அவள் பாட்டியோடு வீட்டில் இருக்கட்டும். கொல்லிமலைக்கு வந்தே ஆக வேண்டும், தங்கும் இடத்தை அவளே பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம் என்று பேசிப் பாருங்கள்.