வாசகர் கேள்வி–பதில்: சட்ட மாணவர் கட்டுரைப் போட்டி

கே: கோலாலம்பூரில் சட்டம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கட்டுரைப் போட்டி ஒன்றில் ‘மலேசியாவில் மரண தண்டனைச் சீர்திருத்தம்’ என்று தலைப்பு. 3,000 சொல். வரலாறு, மனித உரிமை, பிற நாட்டு நிலவரம் எல்லாம் சேர்த்தும் கட்டுரை நிற்கவில்லை. ஏன்?
— வாசகி, செந்தூல்

ப: எல்லாவற்றையும் சேர்த்ததுதான் காரணம். நன்மை, தீமை, நடுவே ஒரு குறள் என்று எழுதும் எஸ்.பி.எம். பள்ளித் தேர்வுப் பழக்கம் இங்கே உதவாது. நடுவர் தேடுவது ஒரே ஒரு கேள்வி, அதற்கு நீங்கள் எடுக்கும் நிலைப்பாடு, அதைத் தாங்கும் சட்ட ஆதாரம்.

கட்டாய மரண தண்டனை ஒழிப்புச் சட்டம் 2023 ஜூலை 4-இல் நடப்புக்கு வந்தது. அதன்பின் குற்றவியல் சட்டம் 302-ஆம் பிரிவில் கொலைக்கு மரண தண்டனை விதிக்கலாம், கட்டாயமில்லை. இல்லையென்றால் 30 முதல் 40 ஆண்டுவரை சிறை, 12-க்குக் குறையாத பிரம்படி. இந்த இரண்டில் எதை எப்போது தேர்வது என்று அந்தப் பிரிவு நீதிபதிக்குச் சொல்வதில்லை. உங்கள் கட்டுரை இந்த இடைவெளியில் இருக்கிறது. ‘மரண தண்டனை தேவையா’ என்று எழுதப்போகிறவர்கள் நிறையப் பேர். ‘தேர்வுக்கான அளவுகோலைச் சட்டமே எழுதி வைக்க வேண்டுமா, நீதிமன்றம் வழக்குக்கு வழக்கு வகுத்துக்கொள்ளலாமா’ என்று எழுதுகிறவர் சிலரே.

3,000 சொல்லை இப்படிப் பிரியுங்கள்: முன்னுரை 250, இப்போதைய சட்டநிலை 600, உங்கள் வாதம் 1,500, எதிர்வாதமும் பதிலும் 400, முடிவு 250. சட்டநிலையே 1,500 சொல்லைத் தின்றுவிட்டால் அது பாடக்குறிப்பு, கட்டுரை அல்ல. உங்கள் நிலைப்பாட்டை முன்னுரையிலேயே சொல்லிவிடுங்கள். கடைசிப் பக்கம்வரை மறைத்து வைக்க இது துப்பறியும் கதையா என்ன?

கே: தீர்ப்புகளை மேற்கோள் காட்டும்போது எங்கே மதிப்பெண் போகிறது?
— வாசகர், பட்டர்வொர்த்

ப: பழைய தீர்ப்போடு நின்றுவிடுவதில். ஒருதலைப்பட்ச மத மாற்றத்தை, அதாவது பெற்றோரில் ஒருவர் மட்டும் முடிவுசெய்து பிள்ளையை மதம் மாற்றுவதை, எடுத்துக்கொள்ளுங்கள். 2007 டிசம்பரில் சுபாஷினி வழக்கில் கூட்டரசு நீதிமன்றத்தின் பெரும்பான்மை, அரசியலமைப்பின் 12(4)-ஆவது விதிப்படி பெற்றோரில் ஒருவரின் சம்மதமே போதும் என்றது. 2018 ஜனவரி 29-இல் அதே நீதிமன்றம் இந்திரா காந்தி வழக்கில் இருவர் சம்மதமும் வேண்டும் என்றது. முதல் தீர்ப்பை மட்டும் காட்டினால் அந்தப் பகுதியே சரிந்துவிடும். இரண்டையும் வைத்து, விளக்கம் ஏன் மாறியது என்று ஆராய்ந்தால் அதுவே நல்ல வாதம். எம்.எல்.ஜே., சி.எல்.ஜே. ஆகிய மலேசியத் தீர்ப்புத் தொகுப்புகளின் தரவுத்தளங்களில் ஒவ்வொரு தீர்ப்பும் பின்னர் எப்படிக் கையாளப்பட்டது என்று பார்த்த பிறகே எழுதுங்கள். தீர்ப்பின் தொடக்கத்தில் வரும் சுருக்கமான தலைக்குறிப்பிலிருந்து மேற்கோள் எடுக்க வேண்டாம். அது தொகுப்பாசிரியர் எழுதியது, நீதிபதி சொன்னதல்ல. பெரும்பான்மையோடு உடன்படாத நீதிபதியின் சிறுபான்மைத் தீர்ப்பைக் காட்டினால் அது சிறுபான்மை என்று அங்கேயே குறிப்பிடுங்கள்.

அடிக்குறிப்பு ஆஸ்கோலா (OSCOLA) என்ற சட்ட மேற்கோள் முறையில் கேட்டிருந்தால், சுருக்கப் பெயர்களுக்கு நடுவே புள்ளி வராது. வழக்கின் பெயர் சாய்வெழுத்தில் வரும். ‘மேலே 5-ஆம் குறிப்பைக் காண்க’ போன்ற எண்களைக் கையால் தட்டச்சு செய்யாதீர்கள். இடையில் ஒரு குறிப்பைப் புதிதாகச் சேர்த்தால் அதற்குக் கீழுள்ள எண்கள் எல்லாம் பொய்யாகிவிடும். வேர்டில் கிராஸ் ரெஃபரன்ஸ் வசதியைப் பயன்படுத்துங்கள். முடித்த பிறகு ஏதாவது ஓர் அடிக்குறிப்புக்குள் சொடுக்கி, கன்ட்ரோல்–ஏ, பிறகு எஃப்9 அழுத்துங்கள். கட்டுரையின் உடற்பகுதியில் நின்று அழுத்தினால் அடிக்குறிப்புக்குள் இருக்கும் எண்கள் புதுப்பிக்கப்படமாட்டா. பலர் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள்.

சொல் எண்ணிக்கைக்கு அடிக்குறிப்பு சேருமா என்று விதியைப் பாருங்கள். வேர்டின் எண்ணிக்கைப் பெட்டியில் அடிக்குறிப்பைச் சேர்க்கவும் நீக்கவும் ஒரு கட்டம் உண்டு. அதைக் கவனிக்காமல் 400 சொல் கூடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

கே: கட்டுரையில் என் பெயர் எங்கும் இல்லை. இருந்தும் ‘அடையாளம் தெரிந்தது’ என்று ஒரு போட்டியில் நிராகரித்துவிட்டார்கள். எப்படி?
— வாசகர், ஜார்ஜ்டவுன்

ப: கோப்பு காட்டிக்கொடுத்திருக்கும். வேர்டில் கோப்பின் பண்புகளில் ‘ஆசிரியர்’ என்ற இடத்தில் உங்கள் பெயர் தானாகவே பதிந்துவிடும், பி.டி.எஃப். ஆக்கினாலும் அது கூடவே போகலாம். ஃபைல், இன்ஃபோ, செக் ஃபார் இஷ்யூஸ், இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட் என்று போய்த் தனிப்பட்ட தகவலை நீக்கிவிட்டு, அதன்பின் பி.டி.எஃப். ஆக்கி அதன் பண்புகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள். கோப்பின் பெயர், திருத்தக் குறிப்புகள், பல்கலைக்கழகச் சின்னம், ‘என் விரிவுரையாளருக்கு நன்றி’ என்ற வரி ஆகியவையும் அடையாளம்தான்.

கே: என் மகள் லண்டன் பல்கலைக்கழகப் பட்டத்துக்கு இங்கிருந்தே படிக்கிறாள். பிரிட்டன் போட்டிகளில் சேரலாமா? ஏ.ஐ. உதவி வாங்கலாமா?
— தாயார், பிரிக்பீல்ட்ஸ்

ப: தகுதி விதியின் சொற்களை எழுத்தெண்ணிப் படிக்கச் சொல்லுங்கள், அம்மா. சில போட்டிகள் பதிவு செய்த பட்டமாணவர் எவரையும் ஏற்கும். சில, குறிப்பிட்ட நாட்டில் படிப்பவரை மட்டுமே ஏற்கும். ஐயம் இருந்தால் எழுதத் தொடங்குமுன் ஏற்பாட்டாளருக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலைச் சேமித்து வைத்துக்கொள்ளட்டும். கடைசி நேரமும் லண்டன் கணக்குதான்: அங்கே கோடைக்காலத்தில் மாலை 5 மணி என்றால் நமக்கு நள்ளிரவு 12. குளிர்காலத்தில் பின்னிரவு 1.

ஏ.ஐ. பற்றி விதி என்ன சொல்கிறதோ அதுவே முடிவு. அனுமதி இருந்தாலும் வழக்குகளைத் தேட அதை நம்பக்கூடாது. 2023-இல் நியூயார்க்கில், சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. மகள் காட்டும் ஒவ்வொரு தீர்ப்பையும் மூலத்தில் திறந்து, பக்க எண்ணை அவளே சரிபார்க்க வேண்டும்.