பட்டையில் ஒரு கோடு, கூட்டில் இரத்தம்: குரங்கு கர்ப்பமா இல்லையா?

கேள்வி: கொழும்புக்குப் பக்கத்தில் ஒரு பராமரிப்பு நிலையத்தில் ரிலவாக் குரங்குகளைப் பார்த்துக்கொள்கிறேன். பெண் குரங்கு ஒன்று ஆணோடு சேர்ந்து மூன்று வாரமாகிறது. பாமசியில் வாங்கிய கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் ஒரு கோடுதான் வருகிறது. இரண்டு நாளாக இரத்தமும் படுகிறது. மாதவிடாய்தானா? கர்ப்பத்தைக் காக்கும் ஓமோனான புரொஜெஸ்தரோன் ஊசி போடலாமா?

பதில்: ஊசி வேண்டாம். மாதவிடாய் என்றும் இப்போதே முடிவு கட்டிவிடாதீர்கள்.

பாமசிப் பட்டை, கர்ப்பத்தில் சுரக்கும் மனிதரின் எச்.சி.ஜி. ஓமோனைப் பிடிப்பதற்கென்றே செய்தது. குரங்கில் அதற்கு ஈடான கோரியோனிக் கொனடோட்ரோபின் புரத அமைப்பில் வேறுபட்டது. பட்டையிலுள்ள பிறபொருளெதிரி அதைப் பிடிக்கும் என்று நம்ப முடியாது. ஆகவே அந்த ஒற்றைக் கோட்டுக்கு ஒரு பெறுமதியும் இல்லை. குரங்குக்கென்றே செய்த பரிசோதனையும் சில வாரங்களுக்குத்தான் உதவும். நன்கு ஆராயப்பட்ட ரீசஸ் குரங்கில் கருக்கட்டி ஏறக்குறைய 9ஆம் நாள் உட்பதிதல் (கரு கருப்பைச் சுவரில் பதிவது) தொடங்கும். அதன்பின் இந்த ஓமோன் ஏறி, 40ஆம் நாளளவில் மறைந்துவிடும். கர்ப்பகாலமோ ஏறக்குறைய 165 நாள். ரிலவாவும் அதே மக்காக் பேரினம்தான், ஆனாலும் நாட்கணக்கு கொஞ்சம் முன்பின்னாகலாம்.

இரத்தம்தான் பலரை ஏமாற்றுவது. கருவின் கலங்கள் கருப்பை அகவணியின் இரத்தக் குழாய்களைத் திறக்கும்போது, மாதவிடாய் வரவேண்டிய நாளை ஒட்டியே மக்காக்கில் கசிவு தொடங்கலாம். மாதவிடாய் சில நாளில் நின்றுவிடும். இந்தக் கசிவு வாரக்கணக்கில் நீளலாம். இரண்டு நாளை வைத்துப் பிரித்தறிய வழியில்லை.

பிரித்துக்காட்டுவது குருதிப் புரொஜெஸ்தரோன். இது ஸ்டிரொய்ட், மனிதரிலும் குரங்கிலும் ஒரே மூலக்கூறு. அதனால் கொழும்பிலுள்ள சாதாரண ஆய்வுகூடமே போதும். மிருக வைத்தியர் மயக்கமருந்து கொடுத்து 1–2 மி.லீ. இரத்தம் எடுக்கட்டும். ஜெல் இல்லாத வெறும் குழாய் கேளுங்கள். ஜெல் ஓமோனை உறிஞ்சி அளவைக் குறைத்துக் காட்டக்கூடும். 4–5 நாள் கழித்து இன்னொரு மாதிரி. உண்மையான மாதவிடாய் என்றால் மில்லிலீற்றருக்கு 1 நனோகிராமுக்குக் கீழே விழுந்திருக்கும். இரத்தம் பட்டுக்கொண்டிருக்கும்போதே இருமுறையும் 2–3 அல்லது அதற்கு மேல் நின்றால், மஞ்சட்சடலம் (முட்டை வெளியேறியபின் சூலகத்தில் புரொஜெஸ்தரோன் சுரக்கும் பகுதி) அழியாமல் காக்கப்படுகிறது, அதாவது கர்ப்பம் பெரும்பாலும் உண்டு. அறிக்கை நனோமோலில் வந்தால் 3.18ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். அதில் அச்சிட்டிருக்கும் 'சாதாரண அளவு' பெண்களுக்கானது. கர்ப்பிணி மக்காக்கில் அளவு பெண்களைவிட மிகக் குறைவாகவே இருக்கும். 'குறைவு' என்ற குறியைப் பார்த்துப் பதறித்தான் பலர் ஊசியை எடுக்கிறார்கள்.

அந்த ஊசியால் இங்கே பயனில்லை. ரீசஸில் மூன்றாம் வாரத்தையொட்டியே சூல்வித்தகம் புரொஜெஸ்தரோன் பொறுப்பை ஏற்றுவிடும் (பெண்களில் 7–9 வாரம்). அதன்பின் சூலகத்தை அகற்றினாலும் கர்ப்பம் தொடரும். ஊசி போட்டால் மேலே சொன்ன அளவீடும் கெட்டுவிடும்.

முன்பு கருத்தடை ஊசி போட்டதா என்று பதிவேட்டில் பாருங்கள். அதுவும் ஒழுங்கற்ற கசிவைத் தரும். கர்ப்பம் என்றால், ஒன்றிரண்டு வாரத்தில் ஸ்கேன் செய்யும்போது கருவைச் சுற்றிய பையும் அதன் இதயத்துடிப்பும் தெரியவேண்டும். அதுவரை அவளைக் கூட்டத்தில் விரட்டாமல், அடிக்கடி பிடிக்காமல் வைத்திருங்கள். சிறுநீரையோ இரத்தத்தையோ தொடுமுன் கையுறையும் கண்கவசமும் கட்டாயம்: மனிதருக்கு உயிராபத்தான பி வைரஸை மக்காக் காவித்திரியலாம். கடி, கீறல் பட்டால் சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியரிடம் போங்கள்.