முதல் கஸ்டம் கீபோர்டுக்கு ஸ்விட்ச் தேர்ந்தெடுப்பது எப்படி?

முதன்முறையாகச் சொந்தமாக மெக்கானிக்கல் கீபோர்டு ஒன்றை அமைக்கவிருப்பதாகவும், நாள் முழுவதும் தட்டச்சு செய்பவருக்கு லீனியர், டாக்டைல், கிளிக்கி ஆகிய மூன்று ஸ்விட்ச் (ஒவ்வொரு கீயின் அடியிலும் இருந்து அழுத்தத்தைப் பதிவுசெய்யும் சிறு பாகம்) வகைகளில் எது பொருந்தும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். வகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஸ்பிரிங்கின் எடையை, அதாவது ஸ்விட்சை அழுத்த எவ்வளவு விசை தேவை என்பதை, தீர்மானியுங்கள் என்பதே என் பதில்.

லீனியர் ஒரே சீராக இறங்கும். டாக்டைலில் வழியில் ஒரு சிறு மேடு விரலுக்குத் தட்டுப்படும். கிளிக்கி அந்த மேட்டோடு ஒலியும் எழுப்பும். அதே அறையில் இன்னொருவர் இருப்பார் என்றால் கிளிக்கியை இப்போதே ஒதுக்கிவிடலாம். மற்ற இரண்டில் எதை எடுத்தாலும் சில நாட்களில் கை பழகிவிடும். எடை அப்படியல்ல.

செர்ரி நிறுவனத்தின் லீனியர் ஸ்விட்சான எம்எக்ஸ் ரெட் 45 சென்டிநியூட்டன் விசையில், 2 மில்லிமீட்டர் இறங்கியதும் எழுத்தைப் பதிவுசெய்கிறது. எம்எக்ஸ் பிளாக்கும் அதே தூரத்தில்தான் பதிவுசெய்கிறது, ஆனால் 60 சென்டிநியூட்டன் கேட்கிறது. (சென்டிநியூட்டன் ஒன்று ஏறத்தாழ ஒரு கிராம் எடைக்குச் சமம்.) ஆனால் நம்மில் பலர் எழுத்து விழுந்ததும் நிறுத்துவதில்லை, 4 மில்லிமீட்டர் ஆழத்தில் அடி தட்டும்வரை அழுத்துகிறோம், ஆகவே விவரக்குறிப்பில் எழுத்து பதிவாகத் தேவையான விசையைவிட அடிவரை அழுத்தத் தேவையான விசையையே தேடிப் பாருங்கள்.

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒன்பது ஸ்விட்சுகள் கொண்ட மாதிரிப் பலகையில் ஒவ்வொன்றையும் ஆள்காட்டி விரலால் அழுத்திப் பார்த்து, மேடு நன்றாகத் தெரிந்த 67 கிராம் டாக்டைல் ஒன்றை வாங்கினேன். ஒரு வாரம் ஆவதற்குள், ஷிஃப்டையும் என்டரையும் பேக்ஸ்பேஸையும் சுமக்கும் வலது சுண்டுவிரல் வலிக்கத் தொடங்கியது. மாதிரிப் பலகை கையில் இருந்தால் சுண்டுவிரலால் தொடர்ந்து ஐம்பது முறை அழுத்திப் பாருங்கள். அதன் தீர்ப்பே சரியான தீர்ப்பு. நல்லவேளையாக, ஸ்விட்சுகளைத் திறந்து இலகுவான ஸ்பிரிங்குகளை மட்டும் மாற்றிப்போட முடிந்ததால், எனக்குப் பிடித்த அந்த மேட்டை இழக்கவில்லை.

நிறப் பெயர்களை நம்பி வாங்காதீர்கள். செர்ரியின் கிளியர் கனமான டாக்டைல்; இன்னொரு நிறுவனமான கேட்டரானின் கிளியரோ மிக இலகுவான லீனியர். பெயர் ஒன்றுதான், குணம் நேர் எதிர்.

சர்க்யூட் போர்டைப் பொறுத்தவரை, முதல் கீபோர்டு என்பதால், சால்டர் செய்யாமலே ஸ்விட்சைக் கழற்றி மாட்டக்கூடிய ஹாட்ஸ்வாப் போர்டையே வாங்குங்கள். தேர்வு தவறினாலும் பலகை வீணாகாது. மூன்று பின்னுக்கான (பின் என்பது போர்டில் செருகும் கால்) போர்டில் ஐந்து பின் ஸ்விட்ச் நேராக உட்காராது என்றாலும், மின்தொடர்பு இல்லாத அந்த இரண்டு பிளாஸ்டிக் கால்களை நகவெட்டியால் நறுக்கிவிட்டால் உட்கார்ந்துவிடும். காந்த ஸ்விட்சுகளும் உயரம் குறைந்த சாக் வகையும் சாதாரண எம்எக்ஸ் போர்டில் வேலை செய்யா. அவற்றுக்குத் தனிப் போர்டு வேண்டும். மாட்டும்போது இரண்டு உலோகப் பின்களும் நேராக நிற்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். சற்றுச் சாய்ந்த பின் சாக்கெட்டுக்குள் போகாமல் ஸ்விட்சின் அடியில் மடிந்துகொள்ளும். வெளியிலிருந்து எல்லாம் சரியாகத் தெரியும், அந்த ஓர் எழுத்து மட்டும் விழாது. ட்வீசரால் மெல்ல நிமிர்த்தினால் போதும், ஆனால் இரண்டு மூன்று முறை நிமிர்த்தினால் அது முறிந்துவிடலாம்.

லூப் (உராய்வைக் குறைக்கும் மசகு) போடுவது கட்டாயமில்லை; இப்போது பல ஸ்விட்சுகள் ஆலையிலேயே லூப் பூசி வருகின்றன. போடுவதாக இருந்தால் லீனியருக்குக் கிரைடாக்ஸ் 205ஜி0 கிரீஸைத் தூரிகையால் மெல்லிய படலமாகப் பூசலாம். டாக்டைலில் மட்டும், ஸ்டெம்மில் (அழுத்தும்போது கீழிறங்கும் பாகம்) உலோகத் தகட்டை உரசும் இரண்டு கால்களிலும் பூசாதீர்கள். நான் பூசினேன், தேடிப்பிடித்து வாங்கிய அந்த மேடு மழுங்கிப்போய், எழுபது ஸ்டெம்களின் கால்களையும் மறுபடி ஒவ்வொன்றாகத் துடைக்க நேர்ந்தது.